பிழையான காசுக்கு லட்ச ரூபாயா?

"ஓட்டைக் காலணாவுக்குக்கூடப் பெறமாட்டான்" என்று ஒருவனை ஏசுவது நம் ஊர் வழக்கம்.

ஆனால் அதே ஓட்டைக் காலணாவைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு, "இதற்கு லட்ச ரூபாய் கிடைக்குமாமே!" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலை. அந்த மலையில் ஏர்க்காடு. ஏர்க்காட்டை அடுத்து நாகலூர். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியுமாக இருக்கும் ஊர். அங்கும் சரி, மலைக்குக் கீழேயும் சரி, பழைய தகர டப்பாவைக் கவிழ்த்தால் நாலு பழைய காசு விழுகிற வீடுகள் உண்டு. தாத்தா கூலி வாங்கிய காசு. பாட்டி முடிந்து வைத்த காசு.

அவற்றில் ஒன்றின் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்றின் ஓரம் எலி கடித்ததுபோல இருக்கும். உடனே வீட்டில் பேச்சு கிளம்பும். "பிழையாக அடித்த காசாம். விற்றால் வீடே கட்டலாமாம்!"

கட்டலாமா? அல்லது கையில் இருக்கும் பணமும் போய்விடுமா?

முதலில் ஓர் உண்மைக் கதை.

யானை பன்றியான கதை

1911-ம் ஆண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்திருந்த சமயம். அவருடைய தலை பொறித்த புதிய வெள்ளி ரூபாய் இந்தியாவில் வெளிவந்தது.

மன்னர் கழுத்தில் விருதுச் சங்கிலி. அங்கியில் ஒரு சின்ன யானை உருவம். யானை என்றுதான் செதுக்கியவர் நினைத்தார். ஆனால் காசை வாங்கிப் பார்த்த மக்கள் வேறு விதமாக நினைத்தார்கள். தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது. பார்த்தால் பன்றி மாதிரி இருந்தது!

முஸ்லிம் மக்களுக்குப் பன்றி விலக்கப்பட்ட பிராணி. மன்னர் மார்பில் பன்றியா என்று பேச்சு பரவியது. சர்க்கார் பதறிப்போனது. அடித்திருந்தவை சுமார் 94 லட்சம் ரூபாய்க் காசுகள். வெளியே போயிருந்தவை சுமார் 7 லட்சம். மிச்சத்தை நிறுத்தி, உருக்கிவிட்டார்கள். 1912-ல் யானைக்கு நல்ல நீளமான தும்பிக்கை வைத்துப் புதிய அச்சு வந்தது. அந்த 1911 ரூபாய்க்குப் "பன்றி ரூபாய்" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய பிழை ஒரு காசுக்கு வேண்டுமா? மன்னர் மார்பிலேயே பிழை! அப்படியானால் அது கோடி ரூபாய் போக வேண்டுமே?

போகவில்லை. சேகரிப்பவர்கள் அதே மன்னரின் மற்ற ரூபாயைவிட இதற்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். காரணம் எளிது. 7 லட்சம் காசு வெளியே போய்விட்டது. வெள்ளிக் காசு என்பதால் மக்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஆகவே இன்றும் அது தேடினால் கிடைக்கிறது.

பிழை இருப்பது வேறு; அந்தப் பிழை அரிதாக இருப்பது வேறு.

நாகலூர்க்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு

இதை விளக்க நாகலூர்த் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் உள்ளே இரண்டு கொட்டை இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சில பழங்களில் மட்டும் ஒரே கொட்டை. அது உருண்டையாக இருக்கும். அதுதான் "பீபெரி". நூற்றுக்கு ஐந்து அல்லது பத்துப் பழம் அப்படி இருக்கும். ஒரு விதத்தில் அது செடி செய்த பிழைதான்! ஆனால் அதைத் தனியாகச் சலித்து எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

பூச்சி துளைத்த கொட்டையும் உண்டு. அதுவும் மற்றக் கொட்டைபோல இல்லை. ஆனால் அதை யார் வாங்குவார்கள்?

பீபெரி பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது. துளை விழுந்த கொட்டை பிறந்த பிறகு கெட்டது.

காசிலும் இதே கணக்குத்தான். நாணயச் சாலைக்கு உள்ளே பிறந்த பிழைக்கு மட்டுமே மதிப்பு. வெளியே வந்த பிறகு ரயில் ஏறி நசுங்கியது, சுத்தியல் அடி பட்டது, அடுப்பில் விழுந்து கறுத்தது, திராவகத்தில் கரைந்து மெலிந்தது, இவையெல்லாம் பூச்சி துளைத்த கொட்டைகள்!

நூறு காசு கொண்டுவந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் இருக்கும். ஆகவே எது உள்ளே பிறந்தது, எது வெளியே கெட்டது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்குக் காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

தங்கசாலையில் என்ன நடக்கிறது?

சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது அல்லவா? அந்தப் பெயர் வந்தது அங்கே இருந்த நாணயச் சாலையால்தான். அது 1869-ல் மூடப்பட்டது. இன்று நம் காசுகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அடிக்கப்படுகின்றன.

உலோகத் தகட்டிலிருந்து முதலில் வட்ட வட்டமாக வில்லை வெட்டுவார்கள். நம் வீட்டில் பூரி மாவில் கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டுவது போலத்தான். பிறகு அந்த வில்லையின் ஓரத்தை அழுத்திச் சற்று எழுப்புவார்கள். கடைசியில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லை. ஒரே அடி! பூவும் தலையும் விழுந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் தவறு நடக்கலாம்.

பூரி வெட்டும்போது கிண்ணத்தைத் தள்ளி வைக்காவிட்டால் என்ன ஆகும்? முன்பு வெட்டிய ஓட்டை குறுக்கே வந்து, அடுத்த பூரி பிறைபோலக் குறைந்துவிடும். காசிலும் அப்படியே. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லாமல் போகும்.

இதை வீட்டில் அரத்தால் ராவியும் செய்துவிடலாமே? செய்கிறார்கள். ஆனால் பிடிபட்டுவிடுவார்கள். உண்மையான பிழைக் காசில், குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்கள். அங்கே விளிம்பு மழுங்கி, சரியாக எழும்பாமல் இருப்பது வழக்கம். ஓரத்தை அழுத்தும்போது எதிர்ப்பக்கத்தில் தாங்கல் இல்லாததால் அப்படி ஆகிறது. அரம் போட்ட காசில் எதிர்ப்பக்க விளிம்பு கிண்ணென்று இருக்கும். சின்னப் பூதக்கண்ணாடி போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வில்லை நடுவில் உட்காராமல் விலகிவிட்டால், சிங்கமும் எழுத்தும் ஒரு பக்கம் ஒதுங்கி, மறு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். மயிரிழை விலகலுக்கு மதிப்பு இல்லை. அது ஏராளம். கால் பங்கு, அரைப் பங்கு விலகி, ஆண்டு எண்ணும் தெரிந்தால்தான் சேகரிப்பவர் கை நீட்டுவார்.

சில சமயம் அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்ததும் அந்தக் காசே அச்சாகிவிடும்! அப்போது ஒரு பக்கம் சிங்கம் புடைத்திருக்கும். மறு பக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி, பள்ளமாக இருக்கும். இது நல்ல பிழை. விரும்பி வாங்குவார்கள். இதையும் பட்டறை வைஸில் இரண்டு காசை வைத்து நெருக்கிப் போலியாகச் செய்பவர்கள் உண்டு. போலியில் பள்ளம் ஆழமில்லாமல், அரைகுறையாக இருக்கும். மறு பக்கமும் நசுங்கித் தட்டையாகியிருக்கும்.

இன்னொரு சோதனை. சுதந்திர இந்தியாவின் காசை நிமிர்த்திப் பிடித்து, புத்தகத்தில் பக்கம் திருப்புவதுபோலத் திருப்புங்கள். பின்பக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலைகீழாகவோ, படுக்கையாகவோ இருந்தால் அச்சு சுழன்றுவிட்டது என்று பொருள். அரைகுறைச் சாய்வு சாதாரணம். முழுக்கத் தலைகீழ் என்றால் எடுத்து வைக்கலாம்.

சரி, இரண்டு பக்கமும் தலை உள்ள காசு? அது அநேகமாக நாணயச் சாலையில் பிறந்ததல்ல. பெரும்பாலும் வித்தை காட்டுபவருக்காக இரண்டு காசைக் குடைந்து ஒன்றாக ஒட்டியதுதான். உள் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு தெரியும். 10 ரூபாய்க் காசின் நடு வில்லை கழன்றிருந்தால் அதுவும் அநேகமாக யாரோ தட்டிக் கழற்றியது.

தராசும் காந்தமும்

கண்ணை ஏமாற்றலாம். தராசை ஏமாற்றுவது கடினம்.

பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். 1992 முதல் பல ஆண்டுகள் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 4.85 கிராம். இரட்டை நிற 10 ரூபாய் சுமார் 7.7 கிராம். நகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காந்தமும் உதவும். 1975 முதல் 1991 வரை வந்த ஒரு ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது. காந்தத்தில் ஒட்டாது. பிறகு வந்த எவர்சில்வர் ரூபாய் ஒட்டும். ஒட்ட வேண்டியது ஒட்டாமலோ, ஒட்டக் கூடாதது ஒட்டினாலோ அது வேறு உலோக வில்லையில் தவறி அடித்த காசாக இருக்கலாம். கள்ளக் காசாகவும் இருக்கலாம்! அதைத் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

அமெரிக்காவில் ஒரு சின்னக் காந்தம்தான் இப்படிப் பலருடைய கனவைக் கலைக்கிறது. 1943-ல் யுத்தத்துக்குச் செம்பு வேண்டும் என்று அங்கே ஒரு சென்ட் காசை இரும்பில் அடித்தார்கள். தவறிப்போய்ச் சில காசு மட்டும் பழைய செம்பு வில்லையில் விழுந்துவிட்டது. அப்படி ஒன்று 1947-ல் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்குச் சாப்பாட்டுச் சில்லறையோடு கிடைத்தது. அவன் அதைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தான். 2019-ல் அந்த ஒரு சென்ட் 2,04,000 டாலருக்கு ஏலம் போனது!

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? இரும்புக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்கிறது. கதை முடிந்தது.

அதே யுத்தம்தான் நம் நாட்டில் ஓட்டைக் காலணாவையும் கொண்டுவந்தது. 1943 முதல் 1947 வரை அடித்த காசு அது. பழைய காலணா கிட்டத்தட்ட 5 கிராம். ஓட்டை போட்டது 2 கிராம்தான். ஆகவே ஓட்டை பிழை அல்ல. செம்பு மிச்சம்! ஓட்டை நடுவில் இல்லாமல் விலகி, எழுத்தைத் தின்றிருந்தால்தான் அது பிழைக் காசு.

பிழை போலத் தோன்றும், பிழை அல்ல

விக்டோரியா மகாராணியின் ரூபாயில் 1862 என்ற ஆண்டு நிறையத் தென்படும். 1862-க்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே எண்ணையே பொறித்தார்கள். எந்த ஆண்டில் அடித்தது என்று காட்டச் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளி பிழை அல்ல.

ஆண்டு எண்ணுக்குக் கீழே இருக்கும் வைரக் குறி மும்பைக்கு அடையாளம். நட்சத்திரம் ஐதராபாத்துக்கு. புள்ளி நொய்டாவுக்கு. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985 ரூபாயில் சிலவற்றில் "எச்" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அவை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் அடித்து வந்தவை. இதுவும் பிழை அல்ல.

ரூபாய்க் குறியீடு இல்லாத 10 ரூபாயைக் கள்ளக் காசு என்று தமிழ்நாட்டில் கடைகளில் வாங்க மறுத்தார்களே, நினைவிருக்கிறதா? குறியீடு 2010-ல்தான் பிறந்தது. காசில் ஏறியது 2011-ல். முந்திய காசில் எப்படி இருக்கும்? வெளிவந்த 14 வகை 10 ரூபாய்க் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியதாயிற்று.

இன்னும் பழங்காலத்துக்குப் போனால் கணக்கே மாறிவிடும். சோழர் காசு, நாயக்கர் காசு, திப்பு சுல்தானின் யானைக் காசு எல்லாம் கையால் சம்மட்டி கொண்டு அடித்தவை. சேலம் சீமை 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்ததல்லவா? அந்தக் காசில் யானையின் வால் இருக்கும், தலை இருக்காது. வில்லை சிறியது, அச்சு பெரியது. பாதி உருவம் வெளியே போவது அந்த நாளில் சகஜம். அதைப் "பிழைக் காசு" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

விலையை யார் வைக்கிறார்கள்?

இங்கிலாந்தில் 2008-ல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றினார்கள். ஆண்டு எண் முன்பு பின்பக்கம் இருந்தது. அதை ராணி தலை இருக்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு பகுதிக்குப் பழைய தலை அச்சையும் புதிய பின் அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆண்டே இல்லை! ஊர் முழுக்க அமளி. ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். அமளி அடங்கியதும் சுமார் 50 பவுன் என்று விலை நின்றது. ஏனென்றால் அப்படிப்பட்ட காசு குறைந்தது 50,000 வெளியே போயிருந்தது.

விலை என்பது வாங்குபவர் கையில் இருக்கிறது. பிழை அரிதாக இருக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். காசு தேயாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டும் என்று கேட்க இரண்டு பேராவது இருக்க வேண்டும். விளம்பரத்தில் ஒருவர் "பத்து லட்சம்" என்று எழுதிவிட்டால் அது விலை ஆகிவிடாது. ஏலத்தில் ஒருவர் எண்ணிக் கொடுத்த பணம்தான் விலை.

வலை விரிப்பவர்கள்

"வைஷ்ணவ தேவி உருவம் உள்ள 5 ரூபாய் உங்களிடம் உண்டா? 10 லட்சம் தருகிறோம்!"

இப்படி ஒரு செய்தி கைப்பேசியில் வருகிறது. படம் அனுப்பினால் உடனே பாராட்டு. பிறகு மெதுவாக, "பதிவுக் கட்டணம் 2,000 அனுப்புங்கள்" என்பார்கள். அனுப்பினால் "வரி 8,000". அதையும் அனுப்பினால் "ரிசர்வ் வங்கிக் கமிஷன்". கடைசியில் காசு உங்களிடமே இருக்கும். பணம் அவர்களிடம் இருக்கும். பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் இந்த வழியில் போய்விடும்.

2021 ஆகஸ்டு 4-ந் தேதி ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் வங்கி ஈடுபடுவதில்லை. கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் பெயரில் வாங்கும்படி யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று அறிவித்தது.

விற்பவன் பணம் கட்டுவது எந்த ஊர் வியாபாரம்? சந்தைக்கு மிளகு கொண்டுபோனவரிடம், "முதலில் நீ 2,000 கொடு, பிறகு மிளகை வாங்குகிறேன்" என்று வியாபாரி சொன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட மாட்டாரா?

அனுமார் உருவமும் "கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818" என்ற எழுத்தும் உள்ள செம்புக் காசும் இந்த வலையில் ஒன்று. நம் நாட்டில் நிக்கல் கலந்த ஒரு அணா வந்ததே 1907-ல்தான். கம்பெனி அனுமார் காசு அடித்ததே இல்லை. அது பிற்காலத்தில் செய்து விற்ற வில்லை.

இதைவிட மோசமானது "அரிசியை இழுக்கும் காசு". அதில் தெய்வ சக்தி இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் கோடி தருவார் என்பார்கள். அரிசி தானாக நகர்ந்து ஒட்டுவதைக் காட்டுவார்கள். அரிசியில் இரும்புத் தூள் பூசி, மறைவில் காந்தம் வைத்தால் யார் செய்தாலும் அரிசி நகரும்! இதில் பணம் இழந்தவர்களின் வழக்குகள் தமிழ்நாட்டுப் போலீஸ் நிலையங்களில் பல பதிவாகியிருக்கின்றன.

காசு உண்மையானதாகப் பட்டால்

இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். எடையைக் குறித்துக்கொள்ளலாம். சென்னையில் நாணயம் சேகரிப்பவர்களின் சங்கம் இருக்கிறது. பல நகரங்களில் நாணயக் கண்காட்சி நடக்கிறது. ஒருவரிடம் மட்டும் கேட்காமல் மூன்று பேரிடம் காட்டி, மூவரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. காசைக் கையை விட்டு அனுப்ப வேண்டாம்.

காசு 100 ஆண்டைத் தாண்டியிருந்தால் சட்டப்படி அது தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தோட்டத்தில் குழி வெட்டும்போது பானையில் காசு கிடைத்தால் விஷயம் வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பங்கு போட்டு விற்கிற யோசனை வேண்டாம்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்களுக்குப் பித்தளையைக் கண்டாலே புளி நினைவு வரும். காசுக்குப் புளி வேண்டாம்! சாம்பலும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசின் விலை அந்தக் கணமே விழுந்துவிடும். அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும். நாகலூர் போன்ற மலை ஊரில் மழைக்கால ஈரம் செம்பில் பச்சையாகப் பிடிக்கும். ஒவ்வொரு காசையும் தனித் தனிக் காகித உறையில் போட்டு, இறுக மூடிய டப்பாவில் வைத்தால் பல காலம் இருக்கும். உறையின் மேலே எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று பென்சிலால் எழுதி வைக்கலாம்.